சரிக்கு எதிர்ச்சொல் தவறா, தப்பா, பிழையா?

சனிக்கிழமை வாத்தியார் (இழை தொடங்கியவர்)

டொராண்டோ பக்கம் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது, ஒரு தேநீரும் இரண்டு வடையும் உண்டு. சொந்த ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். போன வாரம் எதிர்ச்சொல் பரீட்சை வைத்தேன், மொத்தம் பத்துச் சொற்கள். ‘சரி’ என்பதற்கு எதிரே ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி ‘பிழை’ என்று எழுதியிருந்தாள். நான் சிகப்பு மையில் அதைச் சுழித்து, பக்கத்தில் ‘தவறு’ என்று எழுதி, பத்துக்கு ஒன்பது போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மாலையில் அவள் அம்மா கூட்டிப்போக வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். தாளை நீட்டி, சத்தம் போடாமல்தான் கேட்டார்: “சேர், இதில என்ன பிழை?”

பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் உறைத்தது. விடை அவர் கேள்விக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. “பார்த்துச் சொல்கிறேன் அம்மா” என்று மழுப்பிவிட்டு வந்துவிட்டேன்.

என் மனதில் இருக்கிற கணக்கு இது: தெரியாமல் செய்தால் தவறு, தெரிந்தே செய்தால் தப்பு, எழுத்தில் வந்தால் பிழை. பள்ளிக்கூட நாளில் யாரோ சொன்னது, அப்படியே ஒட்டிக்கொண்டது. இது செல்லுமா? அந்தப் பெண்ணுக்கு ஒரு மதிப்பெண் நான் கடன்பட்டிருக்கிறேனா?


கோவைக் குசும்பன்

கடன்தான். வட்டியோடு கொடுங்கள், இரண்டாவது வடையையும் சேர்த்து.


மெய்ப்பு மேசை

முப்பது வருடமாக மெய்ப்புத் திருத்துகிறேன். இந்த மூன்று சொற்களின் முகத்தில்தான் தினமும் விழிப்பது.

‘தெரியாமல் செய்தால் தவறு, தெரிந்து செய்தால் தப்பு’ என்பது பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்குகிற விளக்கம். கேட்க நன்றாக இருக்கும், தெருவுக்கு வந்தால் நிற்காது. மளிகைக்கடையில் சீட்டைப் பார்த்து “அண்ணாச்சி, கூட்டல் தப்பு” என்கிறோம். அண்ணாச்சி தெரிந்தே ஏமாற்றினார் என்றா அர்த்தம்? அப்படி நினைத்தால் அவர் அடுத்த மாதம் கடன் தர மாட்டார். முதல் வகுப்புப் பையன் “தப்புத் தப்பாப் படிக்கிறான்” என்றால் அதில் எந்த வஞ்சகமும் இல்லை.

மறுபக்கமும் பாருங்கள். குறள் 1154இல் ஒருத்தி கேட்கிறாள்: ‘அஞ்சாதே, பிரிய மாட்டேன்’ என்று சொன்னவரே விட்டுப் போனால், அந்தச் சொல்லை நம்பியவர்களுக்கு ‘உண்டோ தவறு’ என்று. யார் மேல் பழி என்பதுதான் அங்கே பேச்சு. கை தவறிக் காப்பி கொட்டிய மாதிரி விஷயம் இல்லை.

நான் பார்த்தவரையில் முதல் வித்தியாசம் பேச்சா எழுத்தா என்பதுதான். வாயில் வருவது தப்பு, பேனாவில் வருவது தவறு. “தப்பா எடுத்துக்காதீங்க” என்று பேசுகிறவரே கடிதத்தில் “தவறாக எண்ண வேண்டாம்” என்று எழுதுவார். ஆளும் மாறவில்லை, எண்ணமும் மாறவில்லை.

ஆனால் உங்கள் பள்ளிக்கூடக் கணக்கில் ஒரு துளி உண்மை உண்டு. ‘தவறான ஆள்’ என்றால் நாம் தேடி வந்தவர் இவர் இல்லை என்று பொருள். ‘தப்பான ஆள்’ என்றால் அவர் வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பாதே என்று பொருள். பெயருக்கு முன்னால் அடைமொழியாக வரும்போது தப்புக்கு ஒழுக்கத்தின் வாடை ஏறிவிடுகிறது. “அவங்க ரெண்டு பேரும் தப்புப் பண்ணிட்டாங்க” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் என்ன தப்பு என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை.


தஞ்சை தாரா

பிள்ளையார் முன்னால் சின்னப் பிள்ளையை நிறுத்தி “தப்பு தப்புன்னு கன்னத்துல போட்டுக்கோ” என்று சொல்கிறோமே. “தவறு தவறு” என்று போட்டுக்கொண்ட குழந்தையை யாராவது பார்த்திருக்கிறீர்களா? பார்த்தால் சொல்லுங்கள், நான் நேரில் வந்து பார்க்கிறேன்.


நல்லூர்க் கிளி

அந்த அம்மாவின் பக்கத்தில் நின்று எழுதுகிறேன்.

எங்களுக்குப் பிழைதான் வீட்டுச் சொல். எழுத்து, கணக்கு, நடத்தை, வழி எல்லாவற்றுக்கும் அதுதான். “பிழையான பஸ்ஸில ஏறிட்டன்.” “நீங்கள் என்னைப் பிழையா விளங்கிட்டீங்கள்.” “நான் சொன்னது பிழையெண்டால் மன்னிச்சுக்கொள்ளுங்கோ.” பிழையை நாங்கள் ‘விடுவோம்’. நீங்கள் தவறைச் ‘செய்வீர்கள்’. எங்கள் பள்ளிக்கூடத் தாளில் கேள்வியே ‘சரி பிழை இடுக’ என்றுதான் வரும். அதைப் பார்த்து வளர்ந்த தாயின் பிள்ளை வேறு என்ன எழுதும்?

ஒரு கதையும் இருக்கிறது. கொஞ்சக் காலம் சென்னையில் வாடகைக்கு இருந்தேன். விசா அலுவலாக அலைந்த நாட்கள். ஒருநாள் களைத்துப்போய் வந்து படியில் இருந்தேன். வீட்டுக்கார அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “என்னம்மா ஆச்சு விசா?” என்று கேட்டா. நான் “பிழைச்சுப் போச்சு அம்மா” என்றேன். அவ உடனே இரண்டு கையையும் தூக்கி, “பொழச்சுப் போச்சா! நான் வேண்டிக்கிட்டது வீண்போகல” என்று சொல்லி உள்ளே போய்க் கேசரி கிண்டிக்கொண்டு வந்தா. நான் அழுதுகொண்டே அந்தக் கேசரியைச் சாப்பிட்டேன். அவவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துவிட்டா. காரியம் கெட்டுப்போனால் எங்களுக்கு அது ‘பிழைச்சுப் போச்சு’. உங்களுக்கு ஆள் தப்பினால் ‘பிழைச்சாச்சு’.


சனிக்கிழமை வாத்தியார்

கேசரி நெஞ்சை அடைக்கிறது.

ஆனால் இது எப்படி? ஒரே சொல் கெட்டுப்போவதற்கும் உயிரோடு மீள்வதற்கும் வருகிறதே. நம் இரண்டு ஊருக்கும் நடுவில் சொல் திரிந்துபோனதா, அல்லது இரண்டும் வேறு வேறு சொற்களா?


ஓய்வுபெற்ற தமிழம்மா

திரியவில்லை தம்பி, இரண்டு பொருளும் பழையவை. இதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கே ஒரு குஷி வரும்.

குறள் 772. படைச்செருக்கு.

கான முயலெய்த அம்பினில் யானை
பிழைத்தவேல் ஏந்தல் இனிது.

காட்டு முயலைக் குத்திய அம்பைக் கையில் வைத்திருப்பதைவிட, யானை மேல் எறிந்து குறி தவறிய வேலை வைத்திருப்பது இனிது. அந்தப் ‘பிழைத்த வேல்’ என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வேல் பிழைத்தது. யானையும் பிழைத்தது! வீரன் பக்கம் நின்று பார்த்தால் குறி தப்பிவிட்டது, யானையின் பக்கம் நின்று பார்த்தால் உயிர் தப்பிவிட்டது. நடந்தது ஒன்றே. கரும்பலகையில் ஒரு யானை, ஒரு வேல், நடுவில் கொஞ்சம் இடைவெளி வரைவேன். அந்த இடைவெளிதான் பிழை. என் யானை பன்றி மாதிரி இருக்கும், அது வேறு விஷயம்.

இப்போது தப்பைப் பாருங்கள். அதுவும் அப்படியே. குறி தப்பினால் தப்பு, புலியிடம் தப்பினால் தப்பித்தல். இரண்டையும் சேர்த்துத் ‘தப்பிப் பிழைத்தான்’ என்கிறோம். எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் தப்பும் பிழையும்தான் அதில் இருக்கிறது, கேட்கிறவர்கள் “அப்பாடா” என்கிறார்கள்.

தவறு என்பதும் வழுக்குவதுதான். கால் தவறும், கை தவறும், வாய் தவறும், மழை தவறும், வாக்குத் தவறும். நம் முன்னோருக்குக் குற்றம் என்பது போய்ச் சேர வேண்டிய இடத்தில் போய்ச் சேராதது. அதை ஒட்டித்தான் இந்தச் சொற்கள் எல்லாம் முளைத்திருக்கின்றன என்று எனக்குத் தோன்றும்.

பிழை எழுத்துக்கு மட்டும் என்பதும் ஒத்துவராது. முடி சூட வேண்டிய இராமன் காட்டுக்குப் போகிறான், இலக்குவன் கொதிக்கிறான். கம்பன் இராமன் வாயில் வைப்பது: நதியில் தண்ணீர் இல்லாமல் போவது ‘நதியின் பிழையன்று’. அதேபோல் அப்பா பிழையும் இல்லை, அம்மா பிழையும் இல்லை, பரதன் பிழையும் இல்லை, ‘விதியின் பிழை’ என்று முடிக்கிறான். மதுரையில் பாண்டியன் கண்ணகி முன்னால் சாயும்போதும் ‘என்முதற் பிழைத்தது’ என்றுதான் சொல்கிறான். ஒரு நிரபராதியைக் கொன்ற பெரும்பழியைச் சொல்ல அங்கே நின்ற சொல் பிழை. அதை நாம் கொண்டுபோய் ஒற்று விட்டுப்போனதற்கு வைத்துக்கொண்டோம். ஈழத்தார் விடாமல் வைத்திருக்கிறார்கள்.


கோவைக் குசும்பன்

‘அரைசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று ஆவதூஉம்’ என்று சிலப்பதிகாரப் பதிகத்தில் வருமே அம்மா. அரசியலில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு அறமே எமன் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.


ஓய்வுபெற்ற தமிழம்மா

அரச நெறியில் தவறியவர்களுக்கு என்று பொருள். நீ சொன்னதை எழுதியிருந்தால் மதிப்பெண் போட்டிருக்க மாட்டேன், சிரித்திருப்பேன்.


பெங்களூர்வாசி

‘தப்பு’ கொச்சைச் சொல், எழுத்தில் வரக்கூடாது என்று என் தமிழாசிரியர் அடிப்பார். இங்கே வந்து பார்த்தால் கன்னடத்தில் அதுதான் ராஜா. தாளில், பத்திரிகையில், எல்லா இடத்திலும் தப்பு. மன்னிப்புக் கேட்க “தப்பாயித்து” என்பார்கள். தெலுங்கிலும் தப்புதான். நாம் “தவறாமல் வந்துடுங்க” என்பதை அவர்கள் “தப்பகுண்டா ரண்டி” என்கிறார்கள். நம் தவறு இருக்கிற இடத்தில் அவர்கள் தப்பை வைக்கிறார்கள், எலும்புக்கூடு ஒன்றே. தப்பிப்பது என்ற பொருளும் இரண்டு மொழியிலும் உண்டு. இவ்வளவு சொந்தக்காரர்கள் இருக்கிற சொல்லைக் கொச்சை என்று வாசலில் நிறுத்தி வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

மலையாளத்தில் கதை வேறு. அங்கே போக்குவரத்துப் போலீஸ் வாங்குகிற அபராதம்தான் ‘பிழ’. தவறுக்கு அவர்கள் ‘தெற்று’ என்பார்கள். ‘தப்புக’ என்றால் துழாவித் தேடுவது. என் அறைநண்பன் இருட்டில் சாவியைத் ‘தப்பிக்கொண்டிருக்கிறேன்’ என்றபோது நான் அவன் எங்கேயோ தப்பி ஓடுகிறான் என்று நினைத்தேன்.


கணினிப் பூச்சி

மென்பொருள்களைத் தமிழாக்குகிற வேலையைப் பொழுதுபோக்காகச் செய்கிறேன். இந்தச் சண்டை எங்களுக்கு அன்றாடம்.

ஒரு வழியாக நாங்கள் வந்து நிற்கிற இடம்: எரர் என்பதற்குப் பிழை, பக் என்பதற்கு வழு. வழு என்பது இலக்கணக்காரர்கள் வீட்டிலிருந்து எடுத்தது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழு 7 வகை என்பார்கள். வழுக்கு, வழுவு எல்லாம் அதன் சொந்தம்தான், ஆகவே தமிழம்மா சொன்ன வழுக்கல் கதைக்கும் பொருந்துகிறது. தொடக்கத்தில் யாராவது பக் என்பதைப் ‘பூச்சி’ என்று போட்டுவிடுவார்கள். அந்தக் கோபத்தில் வைத்ததுதான் என் புனைபெயர்.

‘தவறு’ எங்களைப் படுத்துகிற பாடு தனி. எடுக்காமல் விட்ட அழைப்புக்குத் ‘தவறிய அழைப்பு’ என்று போட்டோம். ஒருவர் அதைத் ‘தவறான அழைப்பு’ என்று மாற்றிவிட்டார். தவறிய அழைப்பு அம்மா கூப்பிட்டு நீங்கள் எடுக்காதது. தவறான அழைப்பு யாரோ ஒருவர் “முருகேசா, சிமெண்ட் இறக்கியாச்சா?” என்று உங்களிடம் கேட்பது. ஒரே வேர், ஒரு விகுதி மாறினால் ஆளே மாறிவிடுகிறார். அரசு அறிவிப்பில் வரும் ‘கட்டத் தவறினால்’ இன்னொன்று. அங்கே தவறு என்றால் செய்யாமல் விடுவது.


நியூஜெர்சி அப்பா

தவறு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் விடியற்காலையில் ஊரிலிருந்து தம்பி செய்தி அனுப்பினான்: ‘அப்பா தவறிட்டார்.’ என் மகள் அப்போதுதான் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். அப்புறம் கேட்டாள்: “தாத்தா என்ன தப்பு பண்ணினார்?”

அந்த நேரத்தில் எனக்குக் கோபமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. ஒன்றும் பண்ணவில்லை அம்மா என்று மட்டும் சொன்னேன். செத்துப்போனார் என்று சொல்ல வாய் வராமல் நாம் வைத்துக்கொண்ட சொல் அது. கையிலிருந்து ஒன்று நழுவிப் போன மாதிரி. அன்றைக்கு விமானத்தில் பதினைந்து மணி நேரம் அந்தச் சொல்லையே யோசித்துக்கொண்டு வந்தேன்.


தஞ்சை தாரா

அண்ணா, என்ன சொல்வதென்று தெரியவில்லை. “தப்பிட்டார்” என்று இரண்டு எழுத்து மாறி வந்திருந்தால் நல்ல செய்தியாக இருந்திருக்கும்.


திருச்சித் தராசு

எல்லாரும் உருகிவிட்டீர்கள். நான் எதிர்க்கட்சி.

வகுப்பு என்றால் ஒரு பாடநூல், ஒரு விடை வேண்டும். வாத்தியார் எந்தத் தமிழைச் சொல்லிக்கொடுக்கிறார் என்பது முக்கியம். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் ‘சரியா தவறா’ என்றுதான் கேட்கிறார்கள். அதை வைத்து நடத்தினால் விடை தவறு. ஒவ்வொரு பிள்ளை வீட்டு வழக்குக்கும் மதிப்பெண் கொடுத்தால், நாளைக்கு ஒருவன் ‘ராங்கு’ என்று எழுதுவான், எங்கள் வீட்டில் அப்படித்தான் என்பான். வேண்டுமானால் வழுவமைதி என்று அரை மதிப்பெண் கொடுங்கள்.


நல்லூர்க் கிளி

அந்தப் பிள்ளை பிறந்தது கனடாவில். தமிழ்நாட்டுப் புத்தகம் அதன் மேல் எப்படிச் சட்டம் போடும்? இலங்கைப் புத்தகம் வைத்து நடத்தினால் ‘தவறு’ எழுதின கும்பகோணத்துப் பிள்ளைக்குச் சுழி போடுவீர்களோ?


மெய்ப்பு மேசை

தராசு, அதே தமிழ்நாட்டுப் புத்தகத்தில் நாலு பக்கம் தள்ளிப் பாருங்கள், ‘பிழை நீக்கி எழுதுக’ என்று பயிற்சி இருக்கும். பிழையை நீக்கினால் சரி வருகிறது. அப்படியென்றால் சரிக்கு எதிரில் நிற்பது யார்?

ராங்கு வாதமும் ஒட்டவில்லை. அது கடன் வாங்கிய சொல், பிழை வள்ளுவர் வைத்திருந்த சொல்.


ஓய்வுபெற்ற தமிழம்மா

வழுவமைதி என்ற சொல்லை அங்கே வைக்காதீர்கள். மகிழ்ச்சியில் பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்றால் திணை வழுவுகிறது, ஆனாலும் ஒரு காரணம் இருப்பதால் இலக்கணம் பொறுத்துக்கொள்கிறது, அதுதான் வழுவமைதி. இங்கே வழுவே இல்லை. அப்புறம் எதை அமைதிப்படுத்துவது? அரை மதிப்பெண் அவமானம். முழுசாகக் கொடுங்கள்.


கோவைக் குசும்பன்

கேட்பாரில்லாமல் மூலையில் நிற்கிற சில சொற்களுக்காகவும் பேசிவிடுகிறேன். பிசகு: கழுத்து பிசகும், கைப்பிசகாக உப்பு கூடும், “சொன்ன தேதி பிசகாது” என்பார் எங்கள் ஊர்த் தச்சர், பிசகும். பழுது: மோட்டாருக்கும் ரேடியோவுக்கும். கோளாறு: மோட்டாருக்கும் உண்டு, வயிற்றுக்கும் உண்டு, சில நேரம் மூளைக்கும் உண்டு. மனுசன் தவறு செய்வான், கோளாறு செய்ய மாட்டான், அவனுக்குக் கோளாறு இருக்கும்.

ஒரு சந்தேகம். ‘வேயுறு தோளிபங்கன்’ என்று தொடங்குகிற பதிகத்தைக் ‘கோளாறு பதிகம்’ என்று என் பாட்டி சொல்வார். உடம்புக் கோளாறு போகவா?


மெய்ப்பு மேசை

கோளறு பதிகம். கோள் செய்யும் தீமையை அறுப்பது. உங்கள் பாட்டி மட்டும் இல்லை, நான் திருத்திய எத்தனையோ அழைப்பிதழ்களில் கோளாறு பதிகம் என்றுதான் வந்திருக்கிறது. ஒரு கால் கூடிப்போனதால் நோய்க்கு மருந்தே நோயின் பெயராக ஆகிவிட்டது.

இந்த இடத்தில் என் சொந்தப் பெருமை ஒன்று. பழைய புத்தகங்களின் கடைசியில் ஒரு தாள் இருக்கும்: பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று கட்டம் போட்டு. ‘தவறு, திருத்தம்’ என்று போட்டதை நான் பார்த்ததில்லை. ‘தப்பு’ என்று போட்டால் ஆசிரியர் சண்டைக்கு வருவார். பிழை என்றால்தான் யார் மேலும் விரல் நீளாது. அச்சுக்கோப்பவரா, நூலாசிரியரா, நானா என்று தெரியாமல் எல்லாரும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். பிழைத்துப் போவோம்.


திருச்சித் தராசு

சரி, பாடநூலில் ‘பிழை நீக்கி எழுதுக’ இருப்பதை மறந்துவிட்டேன். அந்த ஒரு மதிப்பெண்ணை எதிர்க்கவில்லை. ஆனால் வகுப்பில் மற்ற பிள்ளைகளிடமும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் குழம்புவார்கள்.


சனிக்கிழமை வாத்தியார்

இன்று சனிக்கிழமை. வகுப்பு முடிந்து வந்து எழுதுகிறேன்.

பலகையில் யானையும் வேலும் வரைந்தேன் (தமிழம்மாவின் பன்றிக்கு என் யானை தேவலை). நடுவில் இடைவெளி. வேல் எறிந்தவன் என்ன சொல்வான், யானை என்ன சொல்லும் என்று கேட்டேன். ஒரு பையன் யானையாகவே எழுந்து நின்று “தப்பிச்சேன்!” என்று கத்தினான். அதற்கப்புறம் பத்து நிமிடம் யாரும் உட்காரவில்லை, எல்லாரும் யானை.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு ஒன்பதை அடித்துப் பத்து போட்டேன். “பிழை சரி, நான் போட்ட சுழிதான் தவறு” என்றேன். அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“சேர், பிழை எப்பிடி சரியாகும்?”

மறுபடியும் மாட்டிக்கொண்டேன். அவள் அம்மா வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். வடை இரண்டும் அவளுக்குப் போய்விட்டது.


மெய்ப்பு மேசை

நல்லது வாத்தியாரே. போகிற போக்கில் ஒன்று, முதல் நாளிலிருந்து கை அரித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் முதல் பதிவில் ‘சிகப்பு மை’ என்று இருக்கிறது. சிவப்பு.


சனிக்கிழமை வாத்தியார்

தப்பு தப்பு. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.